வசவாக வந்த கழுகு

1969ஆம் ஆண்டு. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில், மரக்கானா விளையாட்டரங்கம். ஃபிளமெங்கோ அணிக்கும் பொட்டாஃபோகோ அணிக்கும் கால்பந்தாட்டம். பார்வையாளர் கூட்டத்திலிருந்து ஒரு கறுப்புக் கழுகு பறந்து வந்தது. அதன் காலில் ஃபிளமெங்கோ கொடி கட்டியிருந்தது. கழுகு மைதானத்தில் இறங்கியதும் ஃபிளமெங்கோ ரசிகர்கள் “உருபு, உருபு” என்று ஆர்ப்பரித்தார்கள். சில ஆண்டுகளாகப் பொட்டாஃபோகோவை வெல்ல முடியாமல் தவித்த அணி, அன்று 2-1 என வென்றது.

உருபு என்றால் நாம் இலக்கண வகுப்பில் படித்த வேற்றுமை உருபு அல்ல. போர்ச்சுகீசிய மொழியில் அது பிணந்தின்னிக் கழுகின் பெயர். ரியோவின் குப்பைமேடுகளில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பறவை. ஃபிளமெங்கோ ரசிகர்களில் கறுப்பின மக்களும் ஏழைகளும் அதிகம். அதனால் எதிரணி ரசிகர்கள் அவர்களை உருபு என்று ஏசினார்கள். நிறம், வறுமை, அழுக்கு மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய வசவு. இப்படிப்பட்ட சொற்களை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த வசவைத்தான் ரசிகர்களே அரங்குக்குள் பறக்கவிட்டார்கள். அதுவரை அணியின் சின்னம் போபய் என்ற கார்ட்டூன் மாலுமி. ஃபிளமெங்கோ 1895இல் படகோட்டக் கழகமாகத் தொடங்கியது என்பதால் வந்த பொருத்தம். ஹென்ஃபில் என்ற கேலிச்சித்திரக்காரர் கழுகைத் தன் படங்களில் வரைந்து வரைந்து நிலைநிறுத்தினார். மாலுமி போனார், கழுகு நின்றது.

ஃபிளமெங்கோ தொடக்கத்திலிருந்தே ஏழைகளின் அணி என்று நினைத்துவிடக் கூடாது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்ததே 1888இல்தான். அதன்பின் வந்த கால்பந்துக் கழகங்கள் பணக்கார வெள்ளையரின் கையில் இருந்தன. 1923இல் கறுப்பின வீரர்களையும் கூலித் தொழிலாளர்களையும் வைத்து வாஸ்கோ ட காமா அணி ரியோ கோப்பையை வென்றது. மறு ஆண்டே பெரிய கழகங்கள் தனிச் சங்கம் அமைத்தன. ‘உங்கள் வீரர்கள் 12 பேரை நீக்கினால் சேர்த்துக்கொள்கிறோம்’ என்றன. வாஸ்கோ மறுத்துக் கடிதம் எழுதியது. அப்படி நிபந்தனை போட்ட கூட்டத்தில் ஃபிளமெங்கோவும் ஒன்று. இதைச் சொல்லாமல் கழுகின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

1936இல் லியோனிடாஸ், டொமிங்கோஸ், ஃபாஸ்டோ ஆகிய கறுப்பின நட்சத்திரங்கள் ஃபிளமெங்கோவுக்கு வந்த பிறகுதான் ஏழை மக்கள் பெருவாரியாக அந்த அணியின் பக்கம் திரும்பினார்கள். லியோனிடாஸின் பட்டப்பெயர் ‘கறுப்பு வைரம்’. அந்தப் பெயரில் வந்த சாக்லேட் பிரேசில் கடைகளில் இன்றும் கிடைக்கிறது.

பக்கத்து அணியான ஃபுளுமினென்ஸேவின் பட்டப்பெயர் ‘முகப்பவுடர்’. 1914இல் கலப்பின வீரர் ஒருவர் தன் நிறத்தை மறைக்கப் பவுடர் பூசி ஆடினார், வியர்வையில் அது கரைந்தது, எதிரணியினர் அதைச் சொல்லிக் கூவினார்கள் என்பது கதை. முகம் மழித்தபின் வழக்கமாகப் பூசுவார், அவ்வளவுதான் என்கிறது கழகம். எப்படியோ, அந்த அணியின் ரசிகர்களும் இன்று வெள்ளைப் பவுடரை அள்ளி வீசித்தான் கொண்டாடுகிறார்கள். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. பவுடர், மறைத்துக்கொள்ள நேர்ந்த ஒருவரின் நினைவு. கழுகு, மறைக்க மாட்டோம் என்ற அறிவிப்பு.

நம் மண்ணில் இதைப் பல காலம் முன்பே ஒருவர் செய்திருக்கிறார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் இதழ் தொடங்கியபோது, ஊர் எந்தச் சொல்லால் இழிவுபடுத்தியதோ அதையே தலைப்பாக வைத்தார்: ‘பறையன்’. ஆனால் அந்தப் பெயரைச் சூட்டும் உரிமை அவருடையது. அதே சொல்லைத் தேநீர்க் கடையில் இன்னொருவர் வீசினால் அது குற்றமே. ஃபிளமெங்கோ ரசிகரும் அப்படித்தான். உருபு என்று தானே பாடுவார். கறுப்பின வீரரைப் பார்த்து வேறொருவர் அப்படிக் கத்தினால் பொறுக்க மாட்டார்.

ஃபிளமெங்கோ தோற்றால் எதிரணியினர் ‘சேரியில் அமைதி’ என்று பாடுவது வழக்கம். வென்றால் ஃபிளமெங்கோ ரசிகர்கள் அதே மெட்டில் திருப்பிப் பாடுகிறார்கள்: ‘சேரியில் திருவிழா’. ஆனால் மரக்கானாவில் மிகக் குறைந்த கட்டணத்தில் நின்று பார்க்கும் பகுதி 2005இல் மூடப்பட்டது. அந்தச் சேரிக்காரர்கள் பலர் இப்போது தொலைக்காட்சி முன் நின்றுதான் பாடுகிறார்கள்.