கழுத்தில் ஒரு நெறிக்கட்டு



தொண்டை வலித்தால் கழுத்தில் நெறி கட்டும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கழுத்து, அக்குள், மார்பு, வயிறு, தொடையிடுக்கு என்று உடலெங்கும் நூற்றுக்கணக்கான கணுக்கள் உண்டு. அவற்றுக்குள் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் காவல் நிற்கின்றன. கிருமி வந்தால் அவை பெருகும், கணு வீங்கும். கிருமி அடங்கினால் பெரும்பாலும் சில வாரங்களில் வீக்கம் வற்றிவிடும்.

அந்தக் காவல் அணுக்களே கட்டுப்பாடின்றிப் பெருகினால் அது லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். புற்றுநோய் முதியவர்களுக்குத்தான் என்று நினைக்கிறோம். ஆனால் இதில் ஒரு வகை வாலிபரையே அதிகம் தேடி வருகிறது.

இரண்டு பெரிய பிரிவுகள்

முதலாவது ஹாட்ஜ்கின் லிம்போமா. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் இதை விவரித்து எழுதினார். பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் ஒருமுறை, முதிய வயதில் மறுமுறை என இது அதிகம் காணப்படுகிறது. நல்ல செய்தி என்னவென்றால், குணமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ள புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. சிகிச்சை பெறுகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்.

இரண்டாவது நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா. இது ஒரே நோயல்ல. 60-க்கும் அதிகமான வகைகள் உண்டு. சில வேகமாக வளரும், ஆனால் பலருக்குச் சிகிச்சையால் முழுவதும் குணமாகும். ஃபாலிகுலர் போன்றவை மெதுவாக வளரும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்தின்றிக் கண்காணித்தாலே போதும். பர்கிட் லிம்போமா மிக வேகமானது, சிறுபிள்ளைகளையும் தாக்கும். உகாண்டாவில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1958-இல் இதைப் பற்றி எழுதினார். சிறுவயதில் ஒரு கண்ணை இழந்த அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று அறிய, 1961-இல் நண்பர் இருவரோடு பழைய காரில் ஆப்பிரிக்காவில் சுமார் 10,000 மைல் சுற்றினார்.

எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்?

• வலியில்லாத கட்டி சில வாரங்களாகியும் வற்றாமல் இருந்தால், அல்லது வளர்ந்தால். கழுத்துப்பட்டை எலும்புக்கு மேல் கட்டி இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.
• காரணமில்லாத காய்ச்சல், படுக்கை நனையும் அளவு இரவு வியர்வை, உடல் மெலிவு.
• தொடர்ந்த இருமல், மூச்சுத் திணறல், தீராத அரிப்பு.

இவை இருந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. பெரும்பாலான நெறிக்கட்டுகள் சாதாரணத் தொற்றினால் வருபவையே. ஆனால் வலிக்கவில்லை என்பதால் சும்மா விட்டுவிடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் கணுவையோ அதில் ஒரு பகுதியையோ எடுத்துப் பயாப்ஸி செய்வார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று நம்மவர்கள் பயப்படுவது வீண். எந்த வகை என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்கமுடியும்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

கீமோதெரபி பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். விந்தணு, கருமுட்டை ஆகியவற்றை முன்னதாகவே சேமித்து வைக்க வழி உண்டு. அதைச் சிகிச்சை தொடங்குமுன் கேட்கவேண்டும். கூச்சத்தால் மகனோ மகளோ கேட்காமல் விட்டால் பிறகு வருந்த நேரிடும். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நோயுற்ற பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

சபைக்குத் தெரிந்தால் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மறைக்கும் குடும்பங்கள் உண்டு. இந்த நோய் தொற்றாது. யாருடைய பாவத்துக்கும் தண்டனையும் அல்ல. மறைத்தால், ஜெபிக்கவும், சாப்பாடு கொண்டுவரவும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் ஆளின்றித் தனியே சுமக்க வேண்டிவரும்.

பவுலோடு ஊழியம் செய்த லூக்கா ஒரு வைத்தியன். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. முழங்காலில் நின்று ஜெபியுங்கள். எழுந்தவுடன் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.