கண்டியின் நீர்நிலைகளில் சுழியோடுவோர் எதை அணிவது?

திருகோணமலைக் கடலில் இறங்கும் சுழியோடிக்கு உடையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியிலும் 28 பாகை செல்சியஸை அண்டியிருக்கும் அந்த நீருக்கு மெல்லிய உடையொன்றே போதும். கண்டிக்குக் கிழக்கே, மகாவலியை மறித்து எழுப்பப்பட்ட 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையின் பின்னே தேங்கியுள்ள நீரோ வேறு இயல்புடையது. நிரம்பிய நிலையில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 438 மீற்றர் உயரத்தில் நிற்கும் அந்நீர்த்தேக்கம் ஆழமானது, மழைக்காலத்தில் கலங்கலானது. அத்துடன் 1980களில் அதனுள் மூழ்கிய பழைய தெல்தெனிய நகரின் கட்டட எச்சங்களும், வறட்சியில் மட்டும் வெளித்தெரிபவையாக, அதன் அடியிலேயே கிடக்கின்றன.

நீர் வளியைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்வதால், கையை விட்டுப் பார்க்கையில் இதமாகத் தோன்றும் நீரும் ஒரு மணிநேரத்தில் உடலை நடுங்கவைக்கக்கூடும். இதைத் தடுக்க 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் உருவாக்கியதே வெட்சூட் எனப்படும் ஈர உடை. நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் என்னும் செயற்கை றப்பரால் ஆன இவ்வுடைக்குள் நீர் புகுவதைத் தடுக்கத் தேவையில்லை என்பதும், வெப்பத்தைக் காப்பவை அக்குமிழிகளே என்பதும் அவர் கண்டறிந்த உண்மைகளாகும். உடலோடு ஒட்டித் தங்கும் சிறிதளவு நீர் உடற்சூட்டால் வெதுவெதுப்பாகிறது. உடை தளர்வாக இருந்தால் அந்நீர் ஓயாமல் வெளியேறிப் புதுநீர் புகுவதால் பயன் போய்விடும்.

ஆழத்தில் அமுக்கம் கூடும்போது குமிழிகள் சுருங்குவதே இவ்வுடையின் பெருங்குறை. பத்து மீற்றரில் வாயுவின் கனவளவு ஏறத்தாழப் பாதியாகவும் முப்பது மீற்றரில் காற்பங்காகவும் குறைவதால், நீர் குளிர்ந்துகொண்டே போகும் ஆழத்திலேயே உடையும் மெலிந்துவிடுகிறது.

டிரைசூட் எனப்படும் உலர் உடை நீரை முற்றாக வெளியே நிறுத்துகிறது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான றப்பர் விளிம்புகளும் நீர்புகாத சிப்பும் அதற்குண்டு. வெப்பத்தைக் காப்பது உள்ளே அணியும் தடித்த ஆடையும் அதில் தங்கும் வளியுமே. இறங்கும்போது மார்பிலுள்ள வால்வினால் வளியைச் சேர்க்கவும், ஏறும்போது பெரும்பாலும் மேற்கையில் அமைந்த வால்வினால் அதை வெளியேற்றவும் வேண்டும். தலைகீழாகிவிட்டால் வளி கால்களுக்கு ஓடிச் சுழியோடியைக் கட்டுக்கடங்காமல் மேலே இழுத்துவிடும் என்பதால், தனிப்பயிற்சியின்றி இதை அணிந்து இறங்குவது பெரும் ஆபத்து.

வெப்பமானியை மட்டும் நம்பினால் விடை எளிது. நீர் 15 பாகைக்குக் கீழே போகும் இடங்களிலேயே உலர் உடை பெரும்பாலும் வேண்டப்படுகிறது. கண்டியைச் சூழ்ந்த தாழ்ந்த நீர்த்தேக்கங்களுக்கு ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள, உடலோடு பொருந்திய ஈர உடை போதுமானது. நன்னீரின் அடர்த்தி கடல்நீரினதைவிடக் குறைவு என்பதால், கடலில் கட்டிய அதே ஈயக் கட்டிகளுடன் இங்கே இறங்கலாகாது. நூறு லீற்றர் நீரை விலக்கும் ஒருவர் ஏறத்தாழ இரண்டரைக் கிலோவைக் கழற்றிவைக்க வேண்டும். முந்நூறு மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் சுழியோடுவது உயர்நிலச் சுழியோட்டம் எனப்படுகிறது. மேற்பரப்பின் வளியமுக்கம் அங்கே குறைவாக இருப்பதால், இரத்தத்தில் கரைந்த நைதரசன் ஏறும்போது குமிழிகளாகும் ஆபத்து கூடுகிறது. ஏறும் வேளையில் உடல் குளிர்ந்திருந்தால் நைதரசன் வெளியேறுவதும் மந்தமாகும். ஆகவே ஈர உடையுடன் இறங்குபவர் குளிர் தொடங்கு முன்னரே ஏறிவிடுவதை இங்கே கண்டிப்பான விதியாகக் கொள்ள வேண்டும்.

ஆனால் கண்டியில் உலர் உடையின் உண்மையான தேவை குளிரிலிருந்து எழவில்லை. நகரின் கழிவுநீர் கலக்கும் வாய்க்கால்களும், எலிக்காய்ச்சல் பரவக்கூடிய ஓரங்களும், நீலப்பச்சைப் பாசி தடித்துப் பெருகும் தேங்குநீரும் இருக்கும்போது, மூழ்கியோரைத் தேடி இறங்கும் கடற்படை, பொலிஸ் சுழியோடிகளின் தோலுக்கும் அழுக்கு நீருக்கும் இடையே தடுப்பு வேண்டும். ஈர உடை அந்நீரையே உறிஞ்சி உடலோடு சேர்த்து வைத்திருக்கும். சிறு கீறல் போதும், கிருமி புகுந்துவிடும். இத்தகைய பணிக்கு வழுவழுப்பான றப்பர் பூசிய உலர் உடையும், முகம் முழுவதையும் மூடும் கவசமும், ஒட்டிய கையுறைகளும் சேர்த்தே வழங்கப்பட வேண்டும். விலை கூடியது என்பதற்காக இதைத் தள்ளிப்போடுவது, பிறருக்காக இறங்கும் அம்மனிதரின் உடல்நலத்தைச் செலவிடுவதாகும்.

இவ்வுடைக்கும் இங்கே இரண்டு இடர்கள் உண்டு. பழைய சுவரின் கம்பியோ மரக்கட்டையோ கிழித்தால் ஈர உடை சிறிதளவே பயனிழக்கும், உலர் உடையோ நீரால் நிரம்பி மிதப்பையும் கெடுக்கும். வெயிலில் கரையில் காத்திருக்கும்போது உள்ளே வெப்பம் தேங்கி மயக்கம் வரலாம் என்பதால், எல்லாம் தயாரான பின்னரே சிப்பை மூட வேண்டும். வெளியே வந்ததும் அதைத் திறக்கு முன், உடையின் மேற்புறம் முழுவதையும் சுத்தமான நீராலும் கிருமிநாசினியாலும் உதவியாளர் ஒருவர் கழுவிவிட வேண்டும்.