சிங்கமுகம்

திண்டுக்கல்லிலிருந்து கரூர்ச் சாலையில் வடக்கே சென்று, குடகனாற்றங்கரையிலுள்ள தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் சற்றே நின்று பார்ப்பவர்களுக்கு, நாயக்கர் காலத்துச் சிற்பிகள் வடித்த இரணிய சம்ஹாரத் தூணில் ஓர் அதிசயம் புலப்படும். சிங்கமுகத்தின் கண்குழிகளை ஆழமாகத் தோண்டியிருப்பதால், பொழுது சாயச் சாய அங்கே நிழல் இடம்பெயர்ந்து, அசையாத கல்லுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போவதுபோல் தோன்றுகிறது. அந்த முகத்தை மனிதன் ஒருவன் தன் முகத்தின்மேல் தரித்துக்கொண்டு ஆடினால் எப்படியிருக்கும் என்று அறிய விரும்புவோர், தஞ்சை ஜில்லாவிலுள்ள மெலட்டூருக்குப் போகலாம்.

அச்சுதப்ப நாயக்கர் தானமாக அளித்த அக்கிராமத்தில், மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரத்தை, நரசிம்ம ஜயந்தியன்று பாகவத மேளக்காரர்கள் இராமுழுவதும் நடிக்கிறார்கள். பெண் வேஷம் உட்பட யாவும் ஆண்களே. நரசிம்மரின் முகமூடியோ நாடகச் சாமான்களோடு பெட்டியில் கிடப்பதன்று. கோயிலில் பூஜை பெறுவது. அதை அணியப்போகிறவர் அன்று உபவாசம் இருக்கிறார்.

முகமூடிக்கு ஒரே பாவந்தான் உண்டு. உதடு அசையாது, புருவம் நெறியாது. ஆயினும் ஆடுகிறவர் கழுத்தைச் சிறிது தாழ்த்தினால் புருவமேட்டின் நிழல் கண்ணில் விழுந்து முகம் கறுக்கிறது. நிமிர்த்தினால் விளக்கொளி பல்வரிசையில் பட்டு முகம் சிரிப்பதுபோலாகிறது. செதுக்குபவனின் திறமையெல்லாம் மேடு பள்ளங்களின் அளவில் அடங்கியிருக்கிறது. உள்ளே இருப்பவருக்கோ ஓரப்பார்வை இல்லை. தம் மூச்சின் வெம்மையே கன்னத்தில் திரும்பி வந்து மோதுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி தேசத்துப் பம்பாரா உழவர்களிடமும் இத்தகைய பக்தி உண்டு. அவர்களுக்கு உழவைக் கற்பித்ததாகக் கருதப்படும் சி வாரா என்னும் மானுருவை, கொல்லர்களே மரத்தில் செதுக்குகிறார்கள். கூடைபோல் பின்னிய தொப்பியில் பொருத்தித் தலையில் வைத்து, நார் உடையால் உடலை மறைத்து, கையிலுள்ள கோல்களை ஊன்றிக் குனிந்து, ஆணும் பெண்ணுமாகிய மான் ஜோடியாகவே ஆடுகிறார்கள். பெண்மானின் முதுகில் குட்டி ஒன்று இருக்கும். நம் தேசத்து உழவர்கள் அதைக் கண்டால் வேற்றுப் பொருளாக நினைக்கமாட்டார்கள் என்பது என் துணிபு.

மெலட்டூரில் விடியும் வேளையில் நரசிம்மர் தோன்றுகிறார். ஆவேசம் மிகுந்த அவரை உடனிருப்போர் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். எதிரே நிற்கும் இரணியன் பக்கத்து வீட்டுக்காரர் என்பது அப்போது அவருக்கு நினைவிருக்குமா என்று சொல்லமுடியாது. முகமூடியைக் கழற்றிய பிறகே அவர் மெல்ல மெல்லத் தம்நிலைக்கு வருகிறார். முகமூடி பூஜைக்குத் திரும்புகிறது.