ஃபோர் வீல் லீவரும் டீசல் கணக்கும்

மலைப் பகுதிகளோடு வியாபாரத் தொடர்பு உள்ள நமது அங்கத்தினர்கள் பலர் ஜீப், கேம்பர் போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் வைத்திருக்கிறார்கள். டீசல் செலவு கூடினால் முதல் சந்தேகம் டிரைவர் மீதுதான் விழும். போடிநாயக்கனூரில் எனக்குப் பழக்கமான ஏலக்காய் வியாபாரி ஒருவர், லிட்டருக்குப் 11 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 10-க்கு இறங்கியதும், டிரைவர் டீசலை விற்கிறார் என்று முடிவு கட்டி, ஏழு வருடம் உடனிருந்தவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். புது டிரைவர் வந்தும் அதே பத்துதான்.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இந்த வித்தியாசம் 18 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 19,000 ரூபாய்க்கு மேல். டீசல் ஜி.எஸ்.டி.க்குள் வராததால் வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

காரணம் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லீவர். ‘மேட்டில் ஏறும்போது ஃபோர் வீல் போட்டுத்தான் ஏற வேண்டும்’ என்று உத்தரவு போட்டவர் முதலாளியேதான்!

ஏற்றம் என்றால் ஃபோர் வீல் என்பது பலருடைய நினைப்பு. சுமையை மேலே கொண்டுபோகும் வேலை எந்தச் சக்கரம் இழுத்தாலும் ஒன்றுதான். நான்கு சக்கர இழுவை பிடிமானத்துக்காக ஏற்பட்டது. உலர்ந்த தார் ரோட்டில் பின் சக்கரங்களுக்கே போதுமான பிடிமானம் உண்டு.

மேலும், வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. 4ஹெச் போட்டால் இந்த வகை வண்டிகளில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. சேற்றில் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் அது முடியாது. டயர் தேயும், ஸ்டீயரிங் கனக்கும், லீவர் சிக்கிக்கொள்ளும். இத்தனைக்கும் டீசல்தான் பலி. ஆக, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைத் தார் ரோடுதான் ஃபோர் வீல் போடவே கூடாத இடம். இரண்டு டயரை மட்டும் புதிதாக மாற்றிய வண்டியில் அளவு வேறுபடுவதால் நேர் ரோட்டிலும் இதே தொல்லை வரும்.

லீவரை 2ஹெச்சில் வைத்தால் மட்டும் போதாது. முன் சக்கரத்தில் திருகு ஹப் உள்ள பழைய ஜீப்புகளில் அதையும் ‘ஃப்ரீ’க்குத் திருப்ப வேண்டும். ‘லாக்’கில் இருந்தால் முன் ஆக்ஸிலும் ஷாஃப்ட்டும் சும்மா சுழன்று டீசலைத் தின்னும்.

இதற்காகத் தோட்டப் பாதையிலும் சிக்கனம் பார்ப்பது தப்பு. சேற்றில் 2ஹெச்சில் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றால் டீசல் செலவாகும், வண்டி நகராது, கிளட்ச் பிளேட்டும் போகும். அங்கே 4ஹெச்சே லாபம். செங்குத்தான சேற்றுப் பாதையில் 4எல். பல வண்டிகளில் இது எஞ்சினை ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடுதலாகச் சுற்ற வைத்து இழுவையைத் தருகிறது. அந்தப் பாதை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்து ரோட்டில் ஓட்டினால் எஞ்சின் அலறுவதிலேயே தெரிந்துவிடும். 4ஹெச் அப்படிச் சத்தம் போடாது, அதனால்தான் மாதக்கணக்கில் கவனிக்காமல் போகிறது.

நடுவிலும் டிஃபரன்ஷியல் உள்ள, எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றுக்குக் கம்பெனி கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும்.

டிரிப் நோட்டில் இன்னும் ஒரு கட்டம் போட்டு, எந்தக் கிலோமீட்டரில் ஃபோர் வீல் போட்டது, எங்கே எடுத்தது என்று டிரைவரை எழுதச் சொல்லலாம். போடி நண்பர் இப்போது அப்படித்தான் செய்கிறார். வண்டி மறுபடியும் 11 கொடுக்கிறது. பழைய டிரைவரைத் திரும்ப அழைக்க வீடு வரை போனார். அவர் அதற்குள் வேறு ஒரு கடை வண்டியில் சேர்ந்துவிட்டிருந்தார்.