வீட்டோடு சில நாட்கள் – 9
எட்டரை மணி மழை

தை கடைசியில் வரும் மழைக்கு யாரும் தயாராக இருப்பதில்லை. குடைகள் பரண் ஏறியிருக்கும். ஜனவரி, பிப்ரவரி இரண்டும் வானிலைத் துறையின் ஏட்டில் குளிர்காலம்; வடகிழக்குப் பருவமழையை டிசம்பரோடு கணக்கு முடித்துவிடுகிறார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவுக்கு அந்த ஏடு தெரியாது. கீழைக்காற்று கொஞ்சம் ஈரம் சுமந்து வந்தால் போதும், மூன்று நாள் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும்.

'தை மழை நெய் மழை' என்பார்கள். சோற்றில் விடும் நெய் போல அளவாக விழ வேண்டும் என்று அம்மா அதற்குப் பொருள் சொல்வாள். 2021 பொங்கலையொட்டி அந்த அளவு தப்பியது. அறுவடைக்கு நின்ற சம்பா டெல்டாவில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. அதனால், மழை என்றால் சந்தோஷம் என்று எங்கள் ஊரில் சத்தம் போட்டுச் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் கூச்சத்தோடுதான் ரசிக்கிறேன்.

அந்தக் கூச்சத்துக்கு ஒரு சாக்குதான் என் மழைமானி. பக்கங்கள் நேராக இறங்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல் ஆகிவிடும். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால், கூழாங்கல் போட்டு ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். அந்தக் கோடுதான் பூஜ்யம். பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை ஒட்டினால் வேலை முடிந்தது. முதல் வருஷம் அதை முருங்கை மரத்தடியில் வைத்திருந்தேன். மழையை அளந்தேனா, இலைச் சொட்டை அளந்தேனா என்பது முருங்கைக்கே வெளிச்சம். இப்போது மொட்டைமாடியில், சுவரை விட்டுத் தள்ளி நிற்கிறது.

தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்துக் குறிக்க வேண்டும். வானிலைத் துறையின் மழைநாள் அப்போதுதான் முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 930 லிட்டர்! இதைப் போட்டுப் பார்த்த அன்று, வீட்டுக் கூரைத் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போவதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு என் கணக்கு வேடிக்கை.

"பாட்டில்ல எவ்வளவு நிக்குது தம்பி?"

"பன்னெண்டு மில்லிமீட்டர் பெரியப்பா."

"அத வச்சு நான் என்ன பண்றது? ஒரு உழவுக்குத் தேறுமா, தேறாதா?"

அவர் கொல்லையில் மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்திப் பார்ப்பார். ஏர் இறங்கும் ஆழத்துக்கு ஈரம் போயிருந்தால் ஒரு உழவு மழை. என் பாட்டில் விழுந்ததை அளக்கிறது. அவர் அளப்பது மண் குடித்ததை. காய்ந்த மணலும் நனைந்த களியும் ஒரே மழையை ஒரே மாதிரி குடிப்பதில்லை என்பதால், அவர் அளவை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

அவரிடம் இன்னொரு கணக்கும் உண்டு, கர்ப்போட்டம். மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் பதினான்கு நாள்போல வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மேகம் நகர்ந்து லேசாகத் தூறினால் கருத்தரித்தது. அடித்துப் பெய்தால் கரு கலைந்தது, வரும் வருஷம் மழை குறைவு. எனக்கு இதில் நம்பிக்கை அரைகுறைதான். ஆனால் பதினான்கு நாள் விடாமல் அண்ணாந்து பார்க்கிற பொறுமை இருக்கிறதே, அதற்குப் பொறாமைப்படுகிறேன்.

தூறல் விடாத நாட்களில் பகலெல்லாம் தாயம். நான்கு புளியங்கொட்டையை ஒருபக்கம் திண்ணையில் தேய்த்து வெள்ளையாக்கினால் பகடை தயார். தேய்த்த சூட்டோடு பக்கத்தில் இருப்பவர் முழங்கையில் வைப்பது என்ற பழைய அக்கிரமத்தை, ஐம்பது வயதிலும் அக்கா விடவில்லை. எனக்குத் தாயம் விழவே இல்லை. ஒரு காயும் இறங்காமல் ஒரு மத்தியானம் போனது.

மறுநாள் ஏழே முக்காலுக்குப் பெரியவர் வந்துவிட்டார்.

"நேத்து ராத்திரி பெய்ஞ்சது எவ்வளவு?"

"எட்டரை ஆகட்டும் பெரியப்பா."

முணுமுணுத்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா சுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். மேலே இன்னும் தூறிக்கொண்டிருந்தது.

(தொடரும்)