உஷார்! பழைய நோட்டீசுக்குள் புதுப் பெயர்

காலை ஆறு மணி. கோப்பாயில் ஒரு வீட்டுப் போன் அடிக்கிறது. கனடாவிலிருந்து ஒரு குரல், அழுகையோடு: "அக்கா, எத்தனை மணிக்கு எடுக்கினம்?" போனை எடுத்த அம்மாவின் கணவர் மோசம்போய் அப்போது மூன்று மாதம். அந்தியேட்டி முடிந்து, வீடு கொஞ்சம் தேறிக்கொண்டிருந்த நேரம். மத்தியானத்துக்குள் அப்படி ஒன்பது அழைப்புகள்.

பிழை எங்களுடையது. ஊர்ச் சனசமூக நிலையமொன்றின் முகநூல் பக்கத்தை நடத்தும் ஐந்து பேரில் நானும் ஒருவன். இரண்டு பேர் ஊரில். மற்றவர்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ். முதல் நாள் இரவு இன்னொரு வீட்டுச் சாவு. அந்த அம்மாவின் கணவருக்குச் செய்த பழைய நோட்டீஸைத் திறந்து படத்தை மாற்றினோம், பெயரை மாற்றினோம், திகதி, மயானம் எல்லாம் மாற்றினோம். அடியில் சின்ன எழுத்தில் இருந்த "தகவல்: குடும்பத்தினர்" என்ற வரியின் தொலைபேசி இலக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நாலு பேர் 'ஓகே' போட்ட நோட்டீஸ் அது.

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல், டெம்ப்ளேட் என்ற சொல் வருவதற்கு முன்பே டெம்ப்ளேட்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும்... பத்திரிகைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அச்சுக் கோர்ப்பார். ஆனால் அந்தக் காலத்தில் கையெழுத்துத் தாளோடு ஒருவர் கந்தோருக்குப் போவார், அங்கே ஒருவர் வாசித்துக் காட்டுவார். இப்போது கன்வாவில் ஒரு பிரதி, வட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல், முகநூலில் ஒரு சொடுக்கு. வேலை சுருங்கியது நல்லதுதான். வாசிக்கிற ஆளும் சேர்ந்து காணாமல் போனதுதான் ஆபத்து. தெரிந்த வரியைக் கண் வாசிப்பதில்லை, தாண்டிப் போய்விடும்.

பெரிய இடங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2003 ஏப்ரலில் சி.என்.என் இணையத்தளத்தில், அப்போது உயிரோடு இருந்த பிரபலங்களுக்கு முன்கூட்டியே செய்துவைத்த அஞ்சலிப் பக்கங்கள் வெளியே தெரிந்துவிட்டன. சிலவற்றை அன்றைய பிரித்தானிய அரசியின் தாயாருக்குச் செய்த பக்கத்தை அச்சாக வைத்துச் செய்திருந்தார்கள். அன்றைய அமெரிக்க உப ஜனாதிபதி டிக் செனி பிரித்தானியாவின் பிரியமான பாட்டியாகிப் போனார்! 2020 நவம்பரில் பிரான்சின் ஆர்.எப்.ஐ வானொலி தன் தளத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது, எலிசபெத் மகாராணி, பெலே உட்பட நூறு பேரளவில் ஒரே நாளில் 'காலமானார்கள்'. உலகம் சிரித்துவிட்டுப் போனது. கோப்பாயில் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அடுத்த நாள் அதே பருத்தித்துறை வீதியில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்த கண்ணி, நேரம் குறித்து வைக்கும் பதிவுகள். ரொறன்ரோத் தம்பி தன் போனில் 'காலை 9' என்று வைத்தால், கோடையில் இங்கே பின்னேரம் ஆறரை. காலையில் எடுக்கிற பிரேதத்துக்கு அறிவித்தல் மாலையில் வரும். இதைவிடப் பயங்கரமான நாள் 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு வாழ்த்தை முதல் நாளே ஏற்றிவிட்டுப் படுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். விடிந்து, தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகும் குறித்த நேரத்துக்கு வாழ்த்து போகும். அரசாங்கம் அன்றே முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அப்படியானால் வாழ்த்து எங்கோ ஒரு சேர்வரிலிருந்து வெளியே போகும், அதை அழிக்க வேண்டிய ஆளுக்கோ விபிஎன் இல்லாமல் பக்கத்தைத் திறக்க வழியில்லை. நேரம் குறிக்கத் தெரிந்த எல்லாக் குழுக்களிலும், நிறுத்துவது யார் என்று எழுதி வைத்த குழு எத்தனை? அந்த ஆள் வெளிநாட்டில் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

திருத்தத்துக்கும் அச்சு வேண்டும். 2018 சனவரி 13 காலை, ஏவுகணை வருகிறது என்று ஹவாய் மக்களின் போன்களுக்கு அபாய அறிவிப்புப் போனது. பொய் என்று மறு அறிவிப்பு வர 38 நிமிடம் ஆனது. எச்சரிக்கைக்கு வாசகம் தயாராக இருந்தது, 'அது தவறு' என்பதற்கு இருக்கவில்லை. நாங்களும் அன்று காலை மன்னிப்பு எழுதத் தெரியாமல் முக்கால் மணி நேரம் குழுவுக்குள் சண்டை பிடித்தோம். அதற்குள் பிழையான பதிவு நாலு நாட்டுக் குழுக்களுக்குப் போய்விட்டது.

காசுச் சங்கதி வேறு. சத்திரசிகிச்சைக்கு உதவி கேட்டுப் போடும் படங்களில் நோயாளியின் முகமும் வங்கிக் கணக்கு இலக்கமும் ஒரே அட்டையில் இருக்கும். எங்கள் பக்கத்து அட்டை எல்லாருக்கும் பழகிய நிறம், பழகிய எழுத்து. கள்ளனுக்கு அதுவே போதும், இலக்கத்தை மட்டும் மாற்றினால் முடிந்தது. எனவே கணக்கிலக்கத்தைப் படத்தில் போடாமல் பதிவின் எழுத்தில் போடுங்கள், சேர்ந்ததும் 'நிறைவுற்றது' என்று அதே பதிவில் எழுதுங்கள். போன் எடுத்துக் கேட்காமல் அனுப்ப வேண்டாம் என்று வெளிநாட்டு உறவுகளுக்கும் சொல்லி வையுங்கள். பக்கத்தை நடத்த ஒரே கணக்கின் கடவுச்சொல்லை ஐந்து பேரும் வைத்திருப்பதும் இதே வகை முட்டாள்தனம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

இப்போது போன நோட்டீஸிலிருந்து புது நோட்டீஸ் செய்வதில்லை. வெறும் அச்சு ஒன்று தனியே இருக்கிறது. மாற வேண்டிய இடமெல்லாம் சிவப்பில் 'பெயர்?', 'இலக்கம்?' என்று கத்திக்கொண்டிருக்கும். சிவப்பு ஒன்று மிஞ்சினாலும் வெளியே போகாது. அச்சகத்திலிருந்து பாமினி எழுத்துருவில் வருவதை நேரே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் குப்பை விழும், அதனால் திரும்பத் தட்டுகிறோம். கடைசியில், செய்தவர் அல்லாத ஒருவர் நோட்டீஸில் உள்ள இலக்கத்துக்கே போன் எடுத்து, சரியான வீடுதானா என்று கேட்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

நேரம் குறித்த பதிவுகளின் பட்டியலை இன்றிரவே திறந்து பாருங்கள். நாங்கள் திறந்தபோது, அன்று காலை போன் எடுத்த அதே அம்மாவின் கணவருக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து, பூங்கொத்துப் படத்தோடு, அடுத்த வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தது.