பள்ளிக் கலைக்கூடத்திற்கு எந்த வெட்டுக் கருவி?

தமிழ்ப்பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடையே எப்போதும் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர்களும் நிதி திரட்டிக் கலைக்கூடத்திற்குக் கருவி வாங்க முன்வருகிறார்கள். அப்போது இரு கருத்துகள் மோதுகின்றன. லேசர் இயந்திரம் வாங்கினால் பிள்ளைகள் நவீனத் தொழில்நுட்பம் கற்பார்கள் என்பது ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்குக் கத்திரிக்கோலே போதும் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எந்தப் பொருளை, எந்த வயதுப் பிள்ளை, ஒரே நேரத்தில் எத்தனை பேராக வெட்டப் போகிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கருவியின் பெயர் அதற்குப் பிறகே வர வேண்டும்.

நீலாய் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்திருந்த இந்தப் பகுதி இன்று பல்கலைக்கழகங்களும் தொழிற்சாலைகளும் கொண்ட நகரமாகிவிட்டது. இங்கு எல்லாப் பள்ளிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைந்த பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. அப்படிப்பட்ட தோட்டப் பள்ளியின் ஒரு வகுப்பில் பத்துப் பேர் இருக்கலாம். நகரப் பள்ளியில் முப்பது பேர் இருக்கலாம். பாடவேளை முப்பது நிமிடம். முப்பது பேரும் ஒரே வெட்டுப் பலகையில் ஆளுக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால் பாடமே முடிந்துவிடும். பெரிய வகுப்புக்கு விலை உயர்ந்த ஒரு கருவியைவிட எளிய கருவிகள் பல இருப்பதே நல்லது. பத்துப் பேர் வகுப்பில் ஒரு நல்ல கருவியை முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

காகிதம் வெட்டும் பலகைகள்

கைப்பிடியை அழுத்தி வெட்டும் கில்லட்டின் பலகை வேகமானது. ஆனால் அதன் நீண்ட கத்தி திறந்தே இருக்கும். விரல் தடுப்புக் கண்ணாடியும், பயன்படுத்தாத வேளையில் கைப்பிடியைப் பூட்டும் கொக்கியும் இல்லாத பலகை பள்ளிக்கு ஏற்றதல்ல. தடுப்பு இருந்தாலும் ஆசிரியர் கையில் இருப்பதே முறை. மாணவர் கைக்குச் சக்கரத் தகடு ஓடும் ரோட்டரி டிரிம்மர் மேலானது. தகடு உறைக்குள் இருப்பதால் விரல் படுவது அரிது. ஆசிரியர் அருகிலிருக்க மேல்வகுப்புப் பிள்ளைகள் அதைக் கையாளலாம்.

வாங்கும்போது நீளத்தைப் பார்க்க வேண்டும். ஏ3 தாளின் நீண்ட பக்கம் 420 மில்லிமீட்டர். ஏ4 அளவுப் பலகையில் அதை வெட்ட முடியாது. பெட்டியில் அச்சிட்ட தாள் எண்ணிக்கையையும் அப்படியே நம்பக்கூடாது. அது பெரும்பாலும் 80 கிராம் தாளுக்கான கணக்கு. பத்துத் தாள் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம். தடித்த அட்டையில் மூன்றே அந்தக் கனத்தை எட்டிவிடும்.

நூற்றுக்கணக்கான தாள்களை ஒரே வெட்டில் அறுக்கும் மின் கில்லட்டின் அச்சகத்துக்கு உரியது. ஆண்டுமலரை ஓரம் வெட்ட அச்சகத்திடம் கொடுப்பதே சிக்கனம்.

கட்டர் கத்தி

முனை மழுங்கினால் ஒடித்துப் போடும் கட்டர் கத்தி 1956-இல் ஜப்பானின் ஒசாகாவில் உருவானது. அதன்வழி வந்ததுதான் ஓல்ஃபா நிறுவனம். மழுங்கிய பிளேடுதான் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. மழுங்கினால் கை கூடுதலாக அழுத்தும், கத்தி வழுக்கும். தோட்டத்தில் மரம் சீவியவர்களுக்கு இது புதிதல்ல. தீட்டாத கத்தியால் சீவினால் பட்டை பிய்ந்து மரத்துக்குக் காயம்படும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

கத்தியோடு கட்டிங் மேட்டும், விரலைக் காக்கும் மேடு வைத்த இரும்பு அடிக்கோலும் சேர்த்தே வாங்க வேண்டும். பிளாஸ்டிக் அடிக்கோலைக் கத்தி செதுக்கி மேலேறி விரலைப் பதம் பார்க்கும். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு முனை மழுங்கிய கத்திரிக்கோல் போதும். இடக்கைப் பிள்ளைகளுக்கென்று தனிக் கத்திரிக்கோல் சில வாங்கி வைக்க மறக்கக்கூடாது.

பிளாட்டரும் லேசரும்

கணினியில் வரைந்த உருவத்தைச் சிறு கத்தி முனையால் வெட்டும் பிளாட்டர், பட்டியலில் அடுத்து வரக்கூடியது. ஸ்டிக்கர் தாளின் மேற்படலத்தை மட்டும் வெட்டி, அடித்தாளை விட்டுவைக்கும். விளையாட்டுப் போட்டிப் பதாகைக்கும் அறிவிப்புப் பலகைக்கும் உதவும். ஓடும்போது மூடியைத் திறக்காமலும் கையை நுழைக்காமலும் இருந்தால் ஆபத்து குறைவு.

லேசரின் கதை வேறு. அது பொருளை எரித்தும் ஆவியாக்கியும் வெட்டுகிறது. புகையை வெளியேற்றும் குழாயும், தீயணைப்புக் கருவியும், வெட்டி முடியும்வரை அருகிலேயே நிற்கும் ஒருவரும் தேவை. இன்னொன்றை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஸ்டிக்கர் தாள்கள் பல பிவிசி பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டவை. பிளாட்டரில் தீங்கின்றி வெட்டப்படும் அதே தாளை லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அது நுரையீரலைத் தாக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். இதை அறிந்த ஆசிரியரும் காற்றோட்டமான தனி அறையும் இல்லாத தொடக்கப்பள்ளி லேசர் வாங்காமலிருப்பதே நல்லது. 2017 முதல் இடைநிலைப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஒரு பாடமாக இருக்கிறது. அந்த வயதில் அக்கருவியைக் கற்றுக்கொள்ள நேரமுண்டு.

வாங்கிய பின்

கருவி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை மாற்றுப் பிளேடுகளுக்கு ஒதுக்க வேண்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில் தகடு விரைவில் துருப்பிடிக்கும். துடைத்து, எண்ணெய் தடவி, உலர்ந்த பெட்டியில் வைக்க வேண்டும். கத்திகளுக்கு எண் இட்டு, பாடத் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணிப் பூட்ட வேண்டும். ஒடித்த முனைகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை அள்ளும் துப்புரவுப் பணியாளரின் கைதான் கிழியும்.

1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. வேலையிடத்து ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்கிறது அது. கலைக்கூடம் ஆசிரியரின் வேலையிடம். எனவே நன்கொடை தருவோர் முதலில் கலைக்கல்வி ஆசிரியரோடு அமர்ந்து, பாடத்தில் வெட்டும் பொருள்களையும் மாணவர் எண்ணிக்கையையும் எழுதிப் பார்க்க வேண்டும். அந்தத் தாளோடு கடைக்குப் போனால் பணமும் வீணாகாது, பிள்ளைகளின் விரல்களுக்கும் பழுது வராது.